வெரோனாவா, பொலோன்யாவா? நண்பர்களோடு வட இத்தாலி ரயில் பயணத்துக்கு எங்கே தங்கலாம்

நான்கைந்து நண்பர்கள், ஐந்தாறு நாள், மிலானில் இறங்கி வெனிஸில் திரும்ப விமானம் ஏறுவது. வட இத்தாலிக்குக் கிளம்புகிற கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் திட்டம் போடுகிறது, நல்ல திட்டம்தான். தகராறு அதற்கப்புறம் தொடங்கும். வேக ரயிலா, சாதாரண ரயிலா? ஒவ்வொரு ராத்திரியும் ஊர் மாறுவதா, ஒரே ஊரில் அறை போட்டு தினமும் போய் வருவதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் போக மற்ற நாளெல்லாம் ஒரே ஊரில் தங்குங்கள், அது வெரோனாவாக இருக்கட்டும். உங்கள் கூட்டம் சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிற கூட்டம் என்றால் மட்டும் பொலோன்யா.

முதலில் ரயில். வேக ரயிலில் இரண்டு கம்பெனிகள் போட்டி போடுகின்றன: அரசு நிறுவனமான ட்ரெனிதாலியாவின் ஃப்ரெச்சாரோஸா, 2012இல் வந்த தனியார் இத்தாலோ. இரண்டுமே மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியவை, இரண்டிலும் இருக்கைகள் நன்றாக இருக்கும், எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது எந்தப் பாதையில் போகிறீர்கள் என்பதை. மிலான் - பொலோன்யா பாதையில் 2008இலேயே தனி அதிவேகத் தடம் போட்டுவிட்டார்கள். வேக ரயில் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடும், சாதாரண ரயிலுக்கு மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு வேக ரயில். ஆனால் மிலான் - வெனிஸ் பாதை அப்படி இல்லை. பிரெஷா வரை புதுத் தடம், அப்புறம் பாதோவா வரை பெரும்பகுதி பழைய தடத்திலேயே எல்லா ரயிலும் ஓடி வந்திருக்கிறது. அதனால் மிலானிலிருந்து வெரோனாவுக்கு வேக ரயில் ஒன்றேகால் மணி என்றால் சாதாரண ரயில் இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறது. வெரோனாவிலிருந்து வெனிஸுக்கு வித்தியாசம் இன்னும் குறைவு: ரெஜியோனாலே வெலோச்சே என்று பலகையில் போட்டிருக்கும் சற்று வேகமான உள்ளூர் ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், வேக ரயிலை விட இருபது நிமிடம்தான் அதிகம். வெறும் ரெஜியோனாலேயில் ஏறிவிடாதீர்கள், அது எல்லா ஊரிலும் நின்று நின்று போகும்.

இந்த இருபது, நாற்பது நிமிடத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். மிலான் - வெனிஸ் வேக ரயில் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்னாலேயே எடுத்தால் இருபது, முப்பது யூரோவில் கிடைக்கலாம், அன்றைக்குப் போய் எடுத்தால் ஐம்பதை ஒட்டி வரும். மலிவான டிக்கெட் அந்த ரயிலுக்கு மட்டும்தான், தவறவிட்டால் போனதுதான். சாதாரண ரயிலுக்குத் தூரத்தை வைத்து ஒரே கட்டணம், நேற்று எடுத்தாலும் இன்று எடுத்தாலும் மாறாது. வெரோனா - வெனிஸ் பத்து யூரோவை ஒட்டித்தான் வரும். இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். ஐந்து பேர் சேர்ந்து போகும்போது இந்தத் தளர்வுதான் பெரிய சௌகரியம் என்பேன். ஒருவர் காலையில் மெதுவாக எழுவார், இன்னொருவருக்குக் காபி குடிக்காமல் நகர முடியாது, 8:43க்கு இருக்கை போட்ட ரயில் என்று ஒன்று இருந்தால் அந்தக் காலைப்பொழுது முழுக்க ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டே போய்விடும். சாதாரண ரயிலென்றால், சரி, அடுத்ததில் போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தருகே சுவரிலோ தூணிலோ இருக்கும் சின்ன மிஷினில் அதன் ஓரத்தை நுழைத்து, தேதியும் நேரமும் அச்சானதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். சில நேரம் மை மங்கிப்போய் ஒன்றும் விழுந்திருக்காது, அப்போது அடுத்த மிஷினைத் தேடுங்கள். ஆப்பில் எடுத்த டிக்கெட்டுக்கு முத்திரை வேண்டாம், ஆனால் ஏறும் முன் போனிலேயே செக்-இன் செய்ய வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் இதைச் செய்யாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்தான். ஐந்து பேருக்கும் அபராதம் என்றால் ஒரு நல்ல இரவுச் சாப்பாடு போச்சு.

ஐரோப்பிய ரயில்களில் ஒரே சீட்டில் போய்வர உதவும் யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இந்தச் சின்னப் பயணத்துக்கு வேண்டாம். சாதாரண ரயில் இவ்வளவு மலிவாக இருக்கும்போது பாஸ் விலை திரும்பி வராது, வேக ரயிலுக்கோ பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

இப்போது தங்குமிடம். தினமும் ஊர் மாறுகிற திட்டம் வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். நடைமுறையில் பத்து, பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் இரண்டு, மூன்று மணிக்கு அறை கிடைக்கும் வரை ஐந்து பெட்டியையும் உருட்டிக்கொண்டு திரிய வேண்டும், இல்லையென்றால் ஸ்டேஷன் லக்கேஜ் அறையில் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். இன்னொன்று, வேலைநிறுத்தம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் சாதாரணமாக நடப்பது, ஷோப்பெரோ என்பார்கள், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. ஒரே ஊரில் தங்கியிருந்தால் அன்றைக்கு அந்த ஊரையே சுற்றிவிட்டு மறுநாள் வெனிஸ் போகலாம். ஊர் மாறுகிற நாளில் வேலைநிறுத்தம் வந்தால் ஒரு பக்கம் ஹோட்டல் காசு, இன்னொரு பக்கம் டாக்ஸி பேரம்.

சரி, எந்த ஊர்? மிலானை ஒரு ராத்திரியோடு முடித்துக்கொள்ளுங்கள். அறை வாடகை அதிகம். ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி நடக்கும் வாரத்திலும் பிப்ரவரி, செப்டம்பர் ஃபேஷன் வாரங்களிலும் கேட்கவே வேண்டாம். அங்கிருந்து வெனிஸுக்கு ஒரே நாளில் போய் வந்தால் வேக ரயிலிலேயே ஐந்து மணி நேரம் பக்கம் ஆகிவிடும். மிலானுக்கென்று இருக்கும் ஒரே பெரிய பலம் கோமோ ஏரி. சென்ட்ராலே ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை ஊரான வரென்னா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், லெக்கோ தாண்டியதும் ஏரி கூடவே வரும். வரென்னாவில் இறங்கிப் படகில் பெல்லாஜ்யோ கால் மணி நேரம்தான்.

வெனிஸ் தீவில் தங்க முடிந்தால் கடைசி ராத்திரி ஒன்றை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், பகல் கூட்டம் போனபிறகு அந்த ஊரே வேறு. கட்டுப்படியாகாது என்றால் மெஸ்த்ரே, ரயிலில் பத்து நிமிடம். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருவதால், 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் அங்கே தங்குபவர்களுக்குக் கிடையாது, ஆனால் இணையத்தில் விலக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெரோனாவிலிருந்து பகலில் போனால் அந்த நாட்களில் கட்டத்தான் வேண்டும். ஆனால் பயணம் முழுக்க மெஸ்த்ரேயில் தங்குவதை நான் சொல்ல மாட்டேன். மாலையில் திரும்பி வந்து நடக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

அதனால் போட்டி வெரோனாவுக்கும் பொலோன்யாவுக்கும்தான்.

வெரோனா போர்த்தா நுவோவா ஸ்டேஷனில் கிழக்கு மேற்குப் பாதையும் வடக்கு தெற்குப் பாதையும் சந்திக்கின்றன, அதுதான் அந்த ஊரின் பலம். மேற்கே கால் மணி நேரத்தில் பெஸ்கியேரா, கார்தா ஏரி, ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். வடக்கே ஒரு மணி நேரத்தில் ட்ரென்தோ, இன்னும் மேலே போனால் போல்சானோ. 1991இல் பனியில் கிடைத்த, ஐந்தாயிரம் ஆண்டுக்கும் பழைய ஓட்ஸி மனிதன் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறான். தெற்கே முக்கால் மணியில் மாந்தோவா. கிழக்கே விச்சென்சா, பாதோவா, வெனிஸ். பாதோவாவில் இறங்காமல் போய்விடாதீர்கள். அங்கே ஸ்க்ரோவெஞ்யி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் தீட்டி முடித்த சுவரோவியங்களுக்கு முன்பதிவு கட்டாயம். ஈரப்பதத்தைச் சீராக்க முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், உள்ளேயும் கால் மணி நேரம்தான், அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க நட்சத்திரம் பதித்த ஆழ்ந்த நீலம். இதற்காகவே ஒரு நாளைக் கொடுக்கலாம். மாலையில் வெரோனாவுக்குத் திரும்பினால் ஸ்டேஷனிலிருந்து நேர் சாலையில் இருபது நிமிடம் நடந்தால் அரேனா என்கிற திறந்தவெளி அரங்கு. ரோமானியர் கட்டியது, 1913 முதல் அங்கே கோடையில் ஓபரா நடக்கிறது, மேலே கல் படிக்கட்டில் மலிவான இடம் உண்டு, ஐந்து பேர் சேர்ந்து உட்கார அதுவே நல்ல இடம். ஓபரா இரவுகளிலும் ஏப்ரல் ஒயின் கண்காட்சியின்போதும் அறை விலை ஏறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொலோன்யாவின் பக்கத்து ஊர்கள் வேறு ரகம்: மோதெனா, பார்மா, ஃபெர்ராரா, கொஞ்சம் தள்ளி ரவென்னா. ரவென்னா மட்டும் பொலோன்யாவுக்கு ஒரு தனி வாக்கு. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு மொசைக் வேலையை அந்த அளவுக்கு ஒரே ஊரில் நடந்தே பார்க்கக் கிடைப்பது அபூர்வம், கவிஞர் தாந்தேயின் கல்லறையும் அங்கேதான். பொலோன்யாவிலேயே 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தூண் தாழ்வாரங்கள் ஊர் முழுக்க நீள்வதால் மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். சான் லூக்கா குன்றுக்கு ஏறும் தாழ்வாரத்துக்கு மட்டும் 666 வளைவுகள். ஸ்டேஷனில் ஒரு கடிகாரம் 10:25இல் நிற்கும். 1980 ஆகஸ்ட் 2 குண்டுவெடிப்பில் 85 பேர் இறந்த நேரம் அது, அவசரத்தில் இருந்தாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வேக ரயில்களுக்கான 16 முதல் 19 வரையிலான பிளாட்பாரங்கள் தரைக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் பத்து நிமிடமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பொலோன்யாவை வெரோனா நெருங்க முடியாது, தாலியாத்தெல்லே என்கிற நாடா பாஸ்தா, மோர்த்தாதெல்லா என்கிற பன்றி இறைச்சி, தோர்த்தெல்லினி என்கிற இறைச்சி வைத்த பாஸ்தா எல்லாம் அந்த ஊர்ச் சொத்து. ஆனால் கூட்டத்தில் சுத்த சைவம் இருந்தால் அந்த மெனுவில் பாதி அவருக்கு இல்லை. பூசணி வைத்த பாஸ்தா கிடைக்கும், ஃபெர்ராராவில் அது பிரமாதம். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது, கறாராகச் சைவம் பார்ப்பவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏரியும் மலையும் பொலோன்யா பக்கத்தில் இல்லை. முதல் தடவை போகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் ஏரி கேட்பார், மலை கேட்பார், அதனால்தான் என் வாக்கு வெரோனாவுக்கு.

நான் போடும் கணக்கு இது: மிலானில் முதல் ராத்திரி, மறுநாள் சாதாரண ரயிலில் வெரோனா, அங்கே மூன்று ராத்திரி, கடைசி ராத்திரி வெனிஸ். முதலில் பதிவு செய்ய வேண்டியது மிலானில் லியோனார்தோவின் கடைசி விருந்து ஓவியமும் பாதோவா சிற்றாலயமும், இரண்டும் வாரக்கணக்கில் முன்னாலேயே நிரம்பிவிடும். அப்புறம் அறைகள். ரயில் டிக்கெட்டை அன்று காலை ஸ்டேஷனிலேயே எடுத்துக்கொள்ளலாம்.