புதிதாக ஃபார்மட் செய்து காட்டினால் நம்பிவிடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பி டிரைவைச் சரிசெய்ய, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடையில் 4,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம், எப்படி ஏமாந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பா தம்பு செட்டித் தெருவில் துறைமுகச் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தவர். ஆபீஸ் கழித்துக்கட்டிய பிசி எக்ஸ்டி (அந்தக் காலத்து ஐபிஎம் ரக கம்ப்யூட்டர்) ஒன்றும் 16 ஃப்ளாப்பிகளும் பெரம்பூர் வீட்டுப் பரணில் கிடந்தன. எல்லாம் ஐந்தேகால் இஞ்ச், 360 கேபி. வேர்ட்ஸ்டார் என்ற டைப்பிங் சாஃப்ட்வேரில் அவர் அடித்துவைத்த கடிதங்கள் அதில்தான் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தது (என்னாலேயே நம்ப முடியவில்லை). ஃப்ளாப்பி டிரைவ்தான் எதையும் படிக்கவில்லை.

"ஹெட்டு போயிருச்சு சார், மும்பைலேர்ந்து வரணும்" என்றார் கடைக்காரர். ஹெட் என்பது டிஸ்க்கில் எழுதும், படிக்கும் பாகம். மூன்று வாரம் ஆனது. போனபோது புது ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டு, என் கண்ணெதிரே ஃபார்மட் செய்து, ஃபைலைக் காப்பி செய்து, திறந்தும் காட்டினார். பில் கேட்டதற்கு முறைத்தார். சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்பாவின் ஃப்ளாப்பி ஒன்றுகூடப் படிக்கவில்லை. மூன்றாவதைப் போட்டதும் கரகரவென்று சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால், உறையின் ஜன்னல் வழியே தெரியும் பழுப்புத் தகட்டில் மெல்லிசாக ஒரு வட்டக் கீறல். அந்த ஃப்ளாப்பி போயே போச்சு.

எதிர்வீட்டு அண்ணன் ரயில்வே சிக்னலில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் டிரைவைத் திறந்தார். ஹெட் அதே பழைய ஹெட், அதன்மேல் கெட்டியாக அழுக்கு. புதிதாக இருந்தது ரப்பர் பெல்ட் மட்டும். ஹெட் நகரும் பாகத்தின் ஸ்க்ரூக்களில் கம்பெனி வைத்த அரக்கு உடைந்திருந்தது. எதையோ திருகியிருக்கிறார்கள்.

இந்த டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு 40 வட்டத் தடங்கள், அவற்றில்தான் டேட்டா பதிவாகும், ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஹெட் தள்ளி உட்கார்ந்தால் எழுதுவதும் தள்ளியே விழும். அதனால் தான் எழுதியதைத் தானே ஜோராகப் படிக்கும், வேறு டிரைவில் எழுதியது மட்டும் படிக்காது. கடையில் நான் பார்த்து மயங்கியது இதைத்தான். டெலிவரி எடுக்கும்போது வேறு மெஷினில் எழுதிய பழைய ஃப்ளாப்பி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், முக்கியமில்லாததாக.

கொடுப்பதற்கு முன்பே நான் ஒன்று செய்திருக்கலாம். பெல்ட்டில் ஓடும் ஃப்ளாப்பி டிரைவின் அடியில் உள்ள சக்கரத்தில் கோடுகள் இருக்கும். பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்தில் 50 ஹெர்ட்ஸ் (நம் ஊர் கரண்ட்) வளையத்துக் கோடுகள் அசையாமல் நின்றால் நிமிடத்துக்கு 300 சுற்று, சரியான வேகம். ஓடினால் முதலில் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்இடி விளக்கில் இது பெரும்பாலும் தெரியாது. எங்கள் மாடிப்படியில்தான் அந்தக் காலத்து டியூப் இருந்தது.

திரும்பக் கடைக்குப் போனேன். "நான்தான் உங்க முன்னாடியே ஓட்டிக் காமிச்சேனே! உங்க ஃப்ளாப்பில பூஞ்சை சார்." 500 ரூபாய் திரும்பக் கிடைத்தது.

அண்ணன் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கம்பெனியிலேயே எழுதி வந்த ஒரிஜினல் டாஸ் ஃப்ளாப்பி ஒன்றை அளவாக வைத்து ஸ்க்ரூவை நூல் நூலாக நகர்த்தினார். இப்போது 13 படிக்கிறது. இரண்டு இன்னும் மக்கர் பண்ணுகிறது. தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் யாரிடமாவது அலைன்மெண்ட் டிஸ்க் (ஹெட் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டிஸ்க்) இருந்தால் ஒருநாள் கடன் தாருங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.