கிழக்கு பெங்களூரில் ஒரு மகப்பேறு மருத்துவமனை: மருந்து கொடுத்து வலி வரவைக்கும் பிரசவத்துக்கு இங்கே போகலாமா?

அல்சூர், மர்ஃபி டவுன், ஈஜிபுரா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலர் போகிற, முப்பது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை இது. பெயர் போடவில்லை. இதே அளவுள்ள மற்ற இடங்களிலும் இதே குறைகள் இருக்கக்கூடும் என்பதால், எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இங்கே எடைபோடுவது ஒரே ஒரு சேவையை: தேதி தாண்டிய தலைப்பிரசவத்துக்கு மருந்து கொடுத்து வலி வரவைப்பது. 41 வாரம் 1 நாள், சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, ஹீமோகுளோபின் 11.2. திங்கள் மாலை 6 மணிக்குச் சேர்ந்த பெண்ணுக்குப் புதன் அதிகாலை 1.10க்குக் குழந்தை பிறந்தது. நடுவில் 31 மணி நேரம். கீழே வரும் நேரங்கள் எல்லாம் கேஸ் ஷீட்டிலும் இதயத்துடிப்புத் தாளிலும் பதிவானவை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. சேர்ந்ததும் 20 நிமிடம் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். 110 முதல் 160க்குள் இருக்க வேண்டும், இருந்தது. அடுத்து டாக்டரே உள் பரிசோதனை செய்து பிஷப் ஸ்கோரை எழுதினார்: 3. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, இளகியிருக்கிறதா, முன்பக்கம் திரும்பியிருக்கிறதா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் சேர்த்து 13க்குப் போடும் மதிப்பெண் அது. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கருப்பை வாய் இன்னும் பக்குவப்படவில்லை. நேராக டிரிப்ஸ் போட்டால் வலி மட்டும் வரும், வாய் லேசில் திறக்காது. அதனால் முதலில் ஜெல் வைத்துப் பக்குவப்படுத்துவதுதான் சரி. இந்த எண்ணை எழுதாமலே ஜெல் வைக்கும் இடங்கள் உண்டு. சேரும்போதே "ஸ்கோர் எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டு, தாயி கார்டின் (கர்ப்பகாலப் பதிவு அட்டை) ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் வந்து "ஒண்ணும் முன்னேற்றம் இல்ல" என்று சொன்னாலும், எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று ஒப்பிட அந்த எண் வேண்டும்.

இரவு 8 மணிக்கு டைனோபுரோஸ்டோன் ஜெல், 0.5 மி.கி. குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. இங்கே அதை லேபர் வார்டுக்குள்ளேயே தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஜெல் வைத்தபின் அரை மணி நேரம் எழுந்திருக்க விடவில்லை. எழுந்தால் மருந்து வழிந்து வீணாகும். ஆறு மணி நேரம் கழித்து, அதிகாலை 2க்கு இரண்டாவது ஜெல். 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் கூடாது. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

தவறு காலை 6 மணிக்கு நடந்தது. கடைசி ஜெல்லுக்கும், வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப்புக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேரம் விட வேண்டும். இங்கே நான்கு மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டார்கள். டாக்டர் ரவுண்டு வருவதற்குள் டிரிப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வழக்கம் என்று சிஸ்டரே சொன்னார். ஜெல்லின் வேகம் அடங்காத கருப்பையில் ஆக்ஸிடோசினும் சேர்ந்தால் வலி ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். வழக்கம் என்பது இதற்குக் காரணம் ஆகாது.

அதைவிடப் பெரிய குறை, டிரிப்பை, மருந்தை அளந்து செலுத்தும் பம்பில் போடாமல் கையால் உருட்டும் கிளாம்பில் விட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் திரவத்தில் 5 யூனிட் ஆக்ஸிடோசின் கலந்தால் ஒரு மி.லி.யில் 10 மில்லி யூனிட் இருக்கும். தொடக்க அளவு நிமிடத்துக்கு 2 மில்லி யூனிட் என்றால் மணிக்கு 12 மி.லி.; 20 சொட்டு ஒரு மி.லி. ஆகும் குழாயில் நிமிடத்துக்கு நாலே நாலு சொட்டு. நாலு சொட்டு எட்டானால் மருந்து இரண்டு மடங்கு. முழங்கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் கொட்டும். கழிவறைக்கு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போய் வரும்போது கிளாம்ப் ஒரு நூல் நகர்ந்தாலே போதும். 6.40க்கு அப்படிப் போய் வந்தபின் சொட்டை யாரும் மறுபடி எண்ணவில்லை. 7 மணித் தாளில் பத்து நிமிடத்தில் ஆறு வலி. மூன்று, நான்கு வலி வந்தாலே போதும்; ஐந்துக்கு மேல் போனால் அபாயக் கோடு. வலிக்கு வலி இடைவெளி இருந்தால்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு ரத்தம் போகும். குழந்தையின் துடிப்பு 90க்கு இறங்கியது.

இந்த இடத்தில் இரவுப் பணி சிஸ்டருக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். டாக்டருக்குப் போன் போடுவதற்கு முன்பே டிரிப்பை மூடினார். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மருந்தில்லாத வேறு பாட்டிலை வேகமாக ஓடவிட்டார். டியூட்டி டாக்டர் வந்து, கருப்பையைத் தளர்த்தும் டெர்பியூட்டலின் 0.25 மி.கி. தோலுக்கடியில் போட்டார். ஆறு நிமிடத்தில் துடிப்பு 140க்குத் திரும்பிவிட்டது. சிசேரியனுக்கு ஓட வேண்டியிருந்திருக்கும் நிலைமை அது. ஆபத்து வந்தபின் இங்கே இருப்பவர்களின் கை நன்றாக ஓடுகிறது. அது வராமல் காக்கும் ஏற்பாடுதான் போதவில்லை.

10.30க்கு மறுபடி டிரிப், இந்த முறை பக்கத்துப் பிரிவிலிருந்து கொண்டுவந்த பம்பில். மணிக்கு 12 மி.லி.யில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை ஏற்றினார்கள். மொத்த லேபர் வார்டுக்கும் சொந்தமாக ஒரு பம்புகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேக்கேஜ் தாளில் தண்ணீர்த் தொட்டிப் பிரசவத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள். அந்தக் காசில் நாலு பம்பு வாங்கியிருக்கலாம்.

பிற்பகல் 3க்கு 4 செ.மீ. திறப்பு. தலை நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பனிக்குடத்தை உடைத்தார்கள். தலை மேலே மிதக்கும்போது உடைத்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடும் என்பதால் இந்தப் பார்வை கட்டாயம். நீர் தெளிவாக இருந்தது; நிறத்தையும் நேரத்தையும் எழுதினார்கள், உடனே துடிப்பையும் பார்த்தார்கள். செய்முறை சுத்தம்.

வலி தெரியாமலிருக்கப் போடும் முதுகு ஊசிக்கு (எபிடியூரல்) 3.30க்குச் சொல்லப்பட்டது. மயக்க மருத்துவர் வந்தது 5.20. "24 மணி நேரமும் எபிடியூரல்" என்று பேக்கேஜில் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் மயக்க மருத்துவர் உள்ளேயே இருப்பவர் இல்லை, வெளியிலிருந்து வருபவர். மாலையில் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் வண்டி எப்படி நகரும் என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கொடுத்து வரவைக்கும் வலி தானாக வருவதைப் போல மெல்ல மெல்லப் பழகி ஏறுவதில்லை. அதைத் தாங்கிக்கொண்டு ஒரு மணி ஐம்பது நிமிடம் காத்திருப்பது மிகக் கொடுமை. அதே மயக்க மருத்துவர்தான் அவசர சிசேரியனுக்கும் வர வேண்டும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். வந்தவர் வேலையில் கெட்டிக்காரர்: ஊசிக்கு முன் திரவம், ஊசிக்குப் பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி., இரண்டு கால்களிலும் மரப்பு சமமாக இருக்கிறதா என்று பனிக்கட்டி வைத்துச் சோதனை.

இன்னொரு குறை சாப்பாடு. காலை 6லிருந்து வாயில் எதுவும் போடக் கூடாது என்றுவிட்டார்கள். அபாயம் இல்லாத பிரசவத்தில் நீராகாரமும் லேசான உணவும் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 31 மணி நேரப் பிரசவத்தில் பாதிக்கு மேல் பட்டினி போட்டுவிட்டு, கடைசியில் "முக்கும்மா, முக்கு" என்றால் எங்கிருந்து பலம் வரும்? வாதாடிய பிறகு கஞ்சித் தண்ணீரும் இளநீரும் அனுமதித்தார்கள்.

இரவு 10.40க்கு முழுத் திறப்பு. முதுகு ஊசி போட்டிருந்ததால் தலை தானாக இறங்க ஒரு மணி நேரம் விட்டு, பிறகுதான் முக்கச் சொன்னார்கள், நல்ல முடிவு. ஒன்றரை மணி நேரம் முக்கியும் தலை வெளிவராமல், தாய் களைத்து, குழந்தையின் துடிப்பும் தளர ஆரம்பித்ததால், தலையில் கப் பிடித்து இழுக்கும் வாக்யூம் வைத்தார்கள். ஒவ்வொரு இழுப்பும் வலியோடு சேர்ந்து வந்தது. இரண்டாவதில் தலை வந்துவிட்டது. மூன்றாவதிலும் நகரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த வழியைப் பார்க்க வேண்டும். 3.4 கிலோ, பிறந்ததும் அழுகை. தலையில் கப் பிடித்த இடத்தில் வரும் வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

ரத்தப்போக்கு அதற்குப் பிறகு. நெடுநேரம் ஆக்ஸிடோசின் ஓடிய கருப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்க மறுப்பது தெரிந்த விஷயம், மருந்துக்கு மரத்துப்போய்விடும். சாதாரணப் பிரசவத்தில் 500 மி.லி.யைத் தாண்டினாலே அதிகப் போக்கு. இங்கே நனைந்த துணிகளைத் தராசில் வைத்து எடைபோட்டார்கள், ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கணக்கு: 900. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பதால், இந்தத் தராசு ஒன்றுக்காகவே இந்த லேபர் ரூமைப் பாராட்டலாம். ஒருவர் வயிற்றைத் தேய்க்க, ஒருவர் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் நரம்பில் ஏற்ற, மூன்றாமவர் கருப்பையைச் சுருக்கும் கார்போபுரோஸ்ட் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து, "அம்மா, வீசிங் உண்டா? ஆஸ்துமா?" என்று தமிழில் கேட்டார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த ஊசி ஆகாது. அந்தப் பரபரப்பிலும் கேட்க மறக்காத சிஸ்டர் அவர். பதினைந்து நிமிடத்தில் போக்கு நின்றது. ரத்த வங்கி இங்கே கிடையாது. ஆனால் காலையிலேயே ஒரு யூனிட் பொருத்தம் பார்த்து வெளியிலிருந்து வாங்கி வைத்திருந்தார்கள். ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

மொழி பற்றி: சிஸ்டர்களில் பாதிப் பேர் மலையாளம், மீதி கன்னடம், தமிழ் எல்லோருக்கும் புரிகிறது. "நோவு இதியா?" என்று கன்னடத்தில் கேட்டால் நமக்கும் அது நோவுதான். ஆனால் சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டுமே. வாக்யூமுக்கும் சிசேரியனுக்கும் சேர்த்துச் சேரும்போதே கையெழுத்து வாங்குகிறார்கள். வாய்விட்டு விளக்கச் சொல்லாமல் போடாதீர்கள்.

பில்லில் கவனிக்க வேண்டியது: பேக்கேஜுக்குள் ஜெல், எபிடியூரல், மயக்க மருத்துவர் கட்டணம், குழந்தை டாக்டர் வருகை எதுவும் வராது. அறை வகை ஏறினால் டாக்டர் கட்டணமும் சேர்ந்து ஏறும். எழுத்தில் கேட்டால் தருகிறார்கள்.

யார் போகலாம்? கருப்பை வாய் பக்குவப்பட்டு, வேறு சிக்கல் இல்லாதவர்கள் போகலாம். ஆனால் "பம்பு உண்டா, ஒரு சிஸ்டருக்கு எத்தனை டிரிப், கடைசி ஜெல்லுக்கும் டிரிப்புக்கும் ஆறு மணி நேரம் விடுவீர்களா" என்று முதலிலேயே கேட்டுவிட்டு. முந்தைய பிரசவம் சிசேரியன் என்றாலோ, பி.பி., ரத்தசோகை, இரட்டைக் குழந்தை என்றாலோ மயக்க மருத்துவரும் ரத்தமும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் இடம்தான் வேண்டும். சிசேரியன் தழும்பு உள்ள கருப்பைக்கு வலி வரவைக்க மிசோபுரோஸ்டால் மாத்திரை கூடாது என்பதையும் மறக்காதீர்கள், தழும்பு விட்டுப்போகும் அபாயம் உண்டு. செலவு தாங்காதவர்களுக்குக் கோட்டைப் பக்கம் வாணி விலாஸ், சிவாஜிநகரில் கோஷா ஆஸ்பத்திரி இருக்கின்றன. கூட்டம் அதிகம், படுக்கைக்கு அலைய வேண்டிவரும். ஆனால் வாணி விலாஸ் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, நள்ளிரவிலும் டாக்டர் உள்ளேயே இருப்பார்.

டிஸ்சார்ஜ் தாளில் "வாக்யூம் டெலிவரி, தாயும் சேயும் நலம்" என்று மட்டும் இருந்தது. 900 மி.லி. ரத்தப்போக்கும், கொடுத்த மருந்துகளும், துடிப்பு இறங்கியதும் அதில் இல்லை. அடுத்த பிரசவத்தைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது இவைதான். கேட்டதும் முகம் சுளிக்காமல், ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.