வீட்டுத் திரையில் ஆறு ஆண்டுகள்: கண்ணை விடக் காதுக்கே வேலை

ஊரடங்கில் திரையரங்குகள் மூடிக் கிடந்த 2020 ஆகஸ்டில், திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கி மாட்டினோம். அதுவரை எனக்குப் படம் என்றால் திரையரங்குதான். வீட்டில் பார்ப்பது, தவறவிட்ட படத்துக்குச் செய்யும் பரிகாரம் என்ற அளவில்தான் இருந்தது. தொலைக்காட்சி வந்த வாரத்திலேயே பழைய டைரி ஒன்றை எடுத்து, தேதி, படத்தின் பெயர், முழுதாகப் பார்த்தோமா பாதியில் விட்டோமா என்று மூன்று கட்டங்கள் போட்டுக் குறிக்கத் தொடங்கினேன். அந்த டைரி தீர்ந்து இப்போது மூன்றாவது டைரி ஓடுகிறது. கீழே எழுதியிருப்பது அந்தக் குறிப்புகளைப் புரட்டியபோது தோன்றியவை. எந்தத் தொலைக்காட்சி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது. எந்தப் படம் வீட்டில் நிற்கிறது, எது விழுகிறது என்று யோசிப்பவர்களுக்கு ஏதாவது கிடைக்கலாம்.

வாங்கும்போது நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது படத்தின் தெளிவை. ஆறு ஆண்டுகளில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது ஒலிதான். மெல்லிய தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருப்பதில்லை. கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ ஒலியை அனுப்புகிறது. அதோடு, இன்றைய படங்களின் ஒலியைப் பெரும்பாலும் திரையரங்கின் 5.1 (ஐந்து தடங்கள், தாழ்ந்த ஒலிக்குத் தனியாக ஒன்று) போன்ற அமைப்புகளுக்காகவே கலக்கிறார்கள். அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் தனியாக வரும், இசையும் இரைச்சலும் சுற்றியுள்ள மற்ற ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும். அந்த ஆறு தடங்களையும் வீட்டில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்குள் அடைக்கும்போது, தனக்கென்று ஓர் இடம் வைத்திருந்த வசனம் கூட்டத்தோடு கூட்டமாகிவிடுகிறது. இதனால் பாத்திரங்கள் பேசும்போது ஒலியைக் கூட்டுவதும், சண்டையோ பாட்டோ தொடங்கியதும் பக்கத்து வீட்டாரை நினைத்துக் குறைப்பதுமாக, முதல் சில மாதங்கள் முழுவதும் என் கட்டைவிரல் ரிமோட்டை விட்டு இறங்கவே இல்லை.

அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. கேட்கும் திறன் குறைந்துவிட்டது. சூரரைப் போற்று 2020 நவம்பர் 12 அன்று நேராக ஓடிடியில் வெளியானபோது, அன்றிரவே எல்லோரும் உட்கார்ந்தோம். விமானத்தின் இரைச்சலுக்கும் பின்னணி இசைக்கும் நடுவில் சூர்யா வேகமாகப் பேசும் இடங்களில் எல்லாம் அப்பா என் பக்கம் சாய்ந்து, “என்னடா சொன்னான்?” என்பார். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போயிருக்கும். பிறகு இருவருமாக அம்மாவைப் பார்ப்போம். மறுவாரமே நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள சவுண்ட்பார் ஒன்றை வாங்கினேன். இந்த ஆறு ஆண்டுகளில் படத்துக்காகச் செய்த செலவுகளில் முழுப் பலன் தந்தது அது ஒன்றுதான். இரவு நேரத்துக்கென்று அதில் உள்ள அமைப்பை இயக்கினால், மெல்லிய ஒலி சற்று உயர்ந்து, பெரிய ஒலி சற்று அடங்குகிறது. ஒலிப்பதிவாளர்கள் இதைக் கேட்டால் வருந்துவார்கள் என்றாலும், எங்கள் வீட்டில் பத்து மணிக்கு மேல் அதுதான் சட்டம்.

அதையும் மீறி அப்பாவுக்குச் சப்டைட்டில் தேவைப்படுகிறது. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் கிடைப்பது ஆங்கில வரிகள்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஒருவர், தமிழ் வசனத்தைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்தைப் படிக்க வேண்டியிருப்பது எங்கள் வீட்டின் நிரந்தர வேடிக்கை. அந்த வரிகளிலும் பழமொழியோ வட்டார வழக்கோ வரும் இடங்களில் பாதி விழுங்கப்பட்டிருக்கும். அப்போது அப்பா விடைத்தாள் திருத்தும் தொனியில், “இவன் சொன்னது இது இல்லையே” என்று தொடங்கிவிடுவார். மண்டேலா போன்ற படத்தில், தேர்தல் முடிவைத் தீர்மானிக்கும் ஒரே ஓட்டு கையில் உள்ள முடிதிருத்துபவரிடம் இரண்டு கட்சியும் குழைந்து பேசும் பேச்சுதான் நகைச்சுவையே. அதை ஆங்கில வரியில் படித்தால் செய்தி கிடைக்கிறது, சிரிப்பு கிடைப்பதில்லை. காது கேளாதவர்களுக்காகவாவது தமிழ்ப் படத்துக்குத் தமிழ் வரிகள் எல்லா இடத்திலும் வழக்கமாக வர வேண்டும்.

இந்தச் சிரமம் எதுவும் இல்லாமல் அப்பா பார்த்தவை பழைய படங்கள். இதை முதலில் கவனித்தது 1954இல் வந்த அந்த நாள் படத்தைப் பார்த்தபோது. பாட்டே இல்லாத படம்; வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்கி, ஆளுக்கொரு கதை சொல்ல, விசாரணை நகர்கிறது. படம் முழுக்கப் பேச்சுதான். சப்டைட்டில் இல்லாத பதிப்பு என்பதால் அப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு முறைகூட என் பக்கம் சாயவில்லை. ஒலி ஒரே தடத்தில் பதிவானது. நடித்தவர்களில் பலர் நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகியவர்கள். வசனம் வரும் நேரத்தில் இசை மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது. எழுபது ஆண்டுப் பழைய அந்த ஒலி, எங்கள் வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் புதுப் படத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. அன்றிலிருந்து வாரத்தில் ஒன்று கறுப்பு வெள்ளைப் படம் என்று வழக்கமாகிவிட்டது.

படத்தின் பக்கம் வருவோம். புதுத் தொலைக்காட்சியில் முதல் முறை முள்ளும் மலரும் போட்டபோது, பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு எனக்கு ஏனோ மெகா சீரியல் போலத் தெரிந்தது. படம் கெட்டுவிட்டதா என் கண் கெட்டுவிட்டதா என்று இரண்டு நாள் குழம்பினேன். காரணம், தொலைக்காட்சியே இரண்டு சட்டகங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) நடுவில் புதுச் சட்டகங்களைக் கற்பனை செய்து நுழைத்து, அசைவை வழவழவென்று ஆக்குவது. விளையாட்டு ஒளிபரப்புக்கு அது பயன்படலாம். விநாடிக்கு 24 சட்டகம் என்று எடுத்த படத்துக்கு அது கேடு. செட்டிங்ஸில் அதைத் தேடி அணைத்த பிறகுதான், விஞ்ச் என்னும் இழுவை வண்டியை ஓட்டும் காளியின் அந்த மலையும் பனியும் பழையபடி வந்து சேர்ந்தன. இப்போதைய தொலைக்காட்சிகள் பலவற்றில் ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ என்றே ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் இந்த ஜோடனைகள் எல்லாம் ஒருசேர நின்றுவிடும். உறவினர் வீடுகளுக்குப் போனால் நான் ரிமோட்டைக் கேட்டு வாங்கி முதலில் செய்யும் காரியம் இதுதான். இதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

செட்டிங்ஸால் தீராத குறை ஒன்று இருக்கிறது. அகலத்திரை வராத காலத்துப் படங்கள், அகலமும் உயரமும் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சியோ பதினாறுக்கு ஒன்பது. இரு ஓரமும் கறுப்பாக நிற்பதை யாரோ குறையாக நினைத்து, மேலும் கீழும் வெட்டிப் படத்தைத் திரை முழுக்க நிரப்பிவிடுகிறார்கள். 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தை ஒரு சேவையில் அப்படிப்பட்ட பதிப்பில்தான் நான் பார்க்க நேர்ந்தது. சிவாஜி நடித்த சிக்கில் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரத்துக்கு எதிராகப் பத்மினி ஆடுகிறார். முகம் இருக்கிறது, கை இருக்கிறது, பாதத்தைக் காணவில்லை. சலங்கை ஒலிக்கிறது, அதை ஒலிக்கச் செய்யும் கால் திரைக்குக் கீழே எங்கேயோ ஆடிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்துக்கும் வாத்தியத்துக்கும் போட்டி என்பதே கதை என்னும்போது, இது வசனத்தில் பாதியை அழிப்பதற்குச் சமம்.

அதே படம் பற்றி அம்மா சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்கு நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்களான சேதுராமனும் பொன்னுசாமியும். எங்களிடம் அதன் பழைய டிவிடி ஒன்று இருந்தது. அதைப் போட்டபோது, சிறு வயதில் சங்கீதம் படித்த அம்மா, “வாசிக்கறது சேதுராமன் பொன்னுசாமிதான், ஆனா சுருதி ஏறிப் போயிருக்கே” என்றார். எனக்கு அது பிரமை என்று பட்டது. பிறகுதான் விளங்கியது: விநாடிக்கு 24 சட்டகம் உள்ள படத்தை, 25 சட்டகம் காட்டும் ‘பால்’ (PAL) என்னும் ஒளிபரப்பு முறைக்கு மாற்றும்போது, எளிய வழியாகப் படத்தையே நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே போகும். சுருதியைச் சரிசெய்யாமல் விட்ட தகடுகளில் மதுரை சகோதரர்களின் நாகஸ்வரம்கூட அவர்கள் வாசிக்காத கட்டையில்தான் ஒலித்திருக்கிறது. இணையத்தில் இன்று படங்கள் பெரும்பாலும் தம் வேகத்திலேயே ஓடுவது, யாரும் பேசாத ஒரு பெரிய முன்னேற்றம். ஆக, தகட்டில் பாதம் இருந்தது, சுருதி இல்லை. சேவையில் சுருதி இருந்தது, பாதம் இல்லை.

புதுப் படங்களில் வீடு இரக்கமில்லாமல் நடந்துகொள்வது நாயகத் துதிப் படங்களிடம். விக்ரம் படத்தை 2022 ஜூனில் திரையரங்கில் பார்த்து, இடைவேளைக்கு முந்தைய காட்சியில் தொண்டை கட்டக் கத்தியவன் நான். பிறகு வீட்டில் பார்த்தபோது, அதே காட்சியில் விசிலுக்காக இயக்குநர் விட்டு வைத்திருந்த விநாடிகள் காலியாகக் கிடந்தன. நடுவில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. படத்தில் குறை இல்லை. அது ஆயிரம் பேரோடு சேர்த்து எழுதப்பட்ட படம், அந்த ஆயிரம் பேரும் எங்கள் கூடத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவ்வகைப் படங்களை முதல் முறை வீட்டில் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இதற்கு நேர் எதிரான வருத்தம் சார்பட்டா பரம்பரை. 2021 ஜூலையில் நேராக ஓடிடிக்கு வந்த அந்தப் படத்தில், கபிலனும் டான்சிங் ரோஸும் மோதும் ஆட்டத்தை வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்ததை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பின்பாதி தொய்வு என்று பலரும் சொன்னார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஏழு நிமிடமே குறைவான அந்தப் படத்தை நாங்கள் இரண்டு இரவாகப் பிரித்துப் பார்த்ததால், இரண்டாம் இரவில் தோற்றுப் போன கபிலனின் கதை தனிப் படமாகவே நின்றது. மெய்யழகன் திரையரங்கில் வெளியான பின் நீளம் கருதிப் பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் குறைக்கப்பட்டது நினைவிருக்கலாம். வீட்டில் அந்தப் படத்தின் பேச்சு எங்களுக்கு நீளமாகவே படவில்லை. இரவில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதை, இரவில் நான்கு பேர் உட்கார்ந்து கேட்டோம்.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளுக்கு நான் உதிரிப்பூக்கள் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடத்தில் அவள், “மாமா, ஒன்றரை ஸ்பீடுல வைங்களேன், யாருமே எதுவும் பேச மாட்டேங்கறாங்க” என்றாள். கோபம் வந்தது, ஆனாலும் சோதனையாக வைத்துப் பார்த்தேன். வசனங்கள் தாக்குப்பிடித்தன. இயக்குநர் மகேந்திரன் இரண்டு வசனங்களுக்கு நடுவில் விட்டு வைத்த இடங்கள்தாம் நொறுங்கின. விஜயன் ஒருவரை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் இடம், அவசரமாக ஏதோ மறந்தவர் போல ஆகிவிட்டது. அவளே, “வேண்டாம், பழையபடி வைங்க” என்றாள். முழுப் படத்தையும் பார்த்தாளா என்றால் இல்லை. டைரியில் ‘பாதி’ என்றுதான் இருக்கிறது. நான் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு தோல்வியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022இல் ஆசைப்பட்டு, பெட்டி மேல் ‘4கே’ என்று எழுதியிருந்த மலிவான புரொஜெக்டர் ஒன்றை வாங்கினேன். 4கே படத்தை உள்வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள், காட்டுவது என்னவோ வெறும் 720 வரிகள் என்பது பணம் கட்டிய பிறகு தெரிந்தது. நாயகன் படத்தில் பி.சி.ஸ்ரீராம் அத்தனை கவனமாகச் செதுக்கிய இருட்டு, எங்கள் சுவரில் கழுவிய சாம்பல் நிறத்தில் விழுந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள விற்றவர் மறுத்துவிட்டார். அது பரணில் இருக்கிறது. தொலைக்காட்சியில் நாயகன் பார்ப்பதென்றால், இரவு எட்டு மணிக்கு மேல், கூடத்து டியூப்லைட்டை அணைத்துவிட்டுத்தான்.

இத்தனை முறை பார்த்தவற்றில் எங்கள் வீட்டில் அதிகம் ஓடிய படம் எது என்று டைரியில் எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது முறை, காதலிக்க நேரமில்லை. நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்ப் படக் கதை சொல்லும் காட்சிக்காகவே ஏழு முறையாவது இருக்கும். காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒருவர் வாயாலேயே சத்தங்களை எழுப்புகிறார், இன்னொருவர் கேட்டு நடுங்குகிறார். சென்ற கோடையில் சரியாக அந்தக் காட்சியின் நடுவில் மின்சாரம் போனது. இருட்டில் யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அப்பா இருந்த நாற்காலியிலிருந்து கதவு திறக்கும் கிரீச் ஒலி வந்தது. நாகேஷ் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கியிருந்தார். அம்மா பாலையாவாகி “ஐயையோ” என்றார். மின்சாரம் வந்தபோது மணி பதினொன்று. படத்தை மறுபடி போடாமலே படுக்கப் போய்விட்டோம். டைரியில் அன்றைய தேதிக்கு எதிரே மூன்றாவது கட்டத்தில், முழுசா பாதியா என்று எழுதத் தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன்.