எங்க டவுன் குப்பை ட்ராக்டர்: 5க்கு 3, அதுல ரெண்டு அந்த அண்ணனுக்கு

ஹோட்டலுக்கு ஸ்டார் போடுறோம், சலூனுக்கு போடுறோம், போன் ரிப்பேர் கடைக்கு கூட நாலு வரி திட்டி எழுதுறோம், ஆனா நம்ம நாறுற மூட்டையை தூக்கிட்டு போற குப்பை ட்ராக்டரை பத்தி யாரும் எழுதி நான் பாக்கல. அதான் நான் எழுதுறேன். எந்த பிரதேச சபைன்னு கேக்காதீங்க, ஹட்டனுக்கு அங்கிட்டு ஒரு சின்ன டவுன், அவ்ளோதான்.

நல்லதை முதல்ல சொல்லிர்றேன். செவ்வாயும் வெள்ளியும் வருது. மழையா இருந்தாலும் வருது, லேட்டா வரும் ஆனா வரும். பின்னால நின்னு மூட்டை வாங்குற அண்ணனுக்கு ஒரு கையில மட்டும்தான் கிளவுஸ், மத்தது கிழிஞ்சு போய் ரெண்டு மாசமாச்சாம், இன்னும் குடுக்கலையாம். மொத நாள் நான் மூட்டையை நீட்டுறேன், உடனே வாங்கல, "பெம்பர்ஸ் இருக்கா தங்கச்சி?"ன்னு கேட்டாரு. இருந்திச்சு, என் மகளோடது. மூஞ்சியை எங்க வைக்கிறதுன்னு தெரியல. இப்ப அதை தனியா பேப்பர்ல சுத்தி சிவப்பு நூல் கட்டி குடுக்குறேன், அவரும் நூலை பார்த்தா கிளவுஸ் போட்ட கையாலதான் வாங்குவாரு. யோகட் கப்பு, போத்தல் எல்லாம் ஓடுற வண்டியிலயே வேற சாக்குக்கு பிரிச்சு போடுறாரு. அந்த மனுசனுக்கு 5க்கு 5 குடுக்கலாம்.

இப்ப குறை. ட்ராக்டர் தேயிலைத் தோட்டத்து ரோட்டு முனையோட திரும்பிருது. அங்க இருந்து எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து ஆளுங்க இருக்குற வரிசை வீட்டுக்கு, ஒன்றரை கட்டை (மைல்) ஏத்தம். நான் டவுன்ல கடையில வேலைங்கிறதால போற வழியில மூட்டையை கொண்டாந்து குடுத்துருவேன், கொழுந்து எடுக்கப் போறவங்க எப்புடி குடுப்பாங்க? ஏன் மேல வர்றதில்லைன்னு கேட்டா ரோடு சரியில்லங்கிறாங்க, டீசல் பத்தாதுங்கிறாங்க. முந்தியெல்லாம் இதுக்கு சட்டமே காரணமா இருந்திச்சு, 1987ல வந்த பிரதேச சபை சட்டப்படி சபை காசை தோட்டத்துக்குள்ள செலவழிக்கிறதுல சிக்கல், அதை 2018ல திருத்திட்டாங்க. சட்டம் ஏறி வந்திருச்சு, ட்ராக்டர் இன்னும் முனையிலயே நிக்குது.

அப்ப லயத்து குப்பை எங்க போகுது? பாதியை எரிக்கிறாங்க, மிச்சம் லயத்துக்கு பின்னால தண்ணி ஓடுற கான்ல. ஒரு நல்ல மழை பெஞ்சா கான் கழுவி விட்ட மாதிரி ஆயிரும், எங்க அம்மாயி "மழை வந்து கூட்டிட்டு போயிருச்சு"ம்பாங்க. கூட்டிட்டு போய் எங்க வைக்குதுன்னு யாரும் கேக்குறதில்ல. போன வாரம் பாலத்துக்கு கீழ எட்டிப் பார்த்தேன், சம்போ பக்கட்டு, பிஸ்கட் கவரு, ஒரு சின்ன புள்ள செருப்பு, எல்லாம் புல்லு வேர்ல மாட்டிக்கிட்டு தோரணம் மாதிரி ஆடுது.

நம்ம பக்கத்து தண்ணி கெசல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயான்னு ரெண்டா இறங்கி ஒண்ணா சேர்ந்து களனி கங்கையா ஆகுது. மொத்தம் 145 கிலோமீட்டர். போய் கடல்ல விழுற இடம் கொழும்புல மட்டக்குளி. என் தம்பி அங்கதான் ஒரு ஸ்டோர்ல வேலை, பெரிய மழைக்கு பொறவு காக்கைதீவு கரையில இருந்து வீடியோ அனுப்பினான், கரை முழுக்க போத்தலும் பையும், "பாரு அக்கா, நீங்க அனுப்பினது வந்து சேர்ந்திருச்சு"ன்னு நக்கல் வேற. நடுவுல அத்தனை டேம் இருக்கே, அங்கயே நின்னுராதான்னு எங்க கடை முதலாளி கேட்டாரு. கொஞ்சம் நிக்கும்தான், ஆனா வான்கதவு திறந்தா மிதக்குறதெல்லாம் உள்ளயேவா உக்காந்திருக்கும்?

எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான். கடலை பாத்துக்கிறதுக்குன்னு அரசாங்கத்துக்கிட்ட சட்டம் இல்லாம இல்ல. 1981ல வந்த கரையோரம் பேணல் சட்டத்துல கரையோர வலயம்னு கோடு போட்டு வச்சிருக்காங்க, தரைப்பக்கம் 300 மீட்டர், கடல்பக்கம் 2 கிலோமீட்டர், ஆத்து வாயில மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ள வரும். 2008ல கடல் மாசு தடுப்பு சட்டமும் அதுக்கு ஒரு அதிகார சபையும் வந்திச்சு. 2021ல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு 1680 டன் பிளாஸ்டிக் மணி இருந்த சரக்கு கடல்ல கொட்டினப்ப நாடே பார்த்திச்சு, 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொல்லிச்சு. ரொம்ப சரி. ஆனா கப்பல்னா அதுக்கு பேர் இருக்கு, கம்பனி இருக்கு, வழக்கு போடலாம். எங்க கான்ல இருந்து போற சம்போ பக்கட்டுக்கு யாரு மேல போடுறது? செப்டம்பர் வந்தா பீச் கிளீனிங்குன்னு தொப்பி போட்டு போட்டோ எடுக்குறாங்க, அதுல ஒரு நாள் செலவை எங்க பக்கம் தள்ளுனா ஒரு லேண்ட்மாஸ்டர் சின்ன ட்ராக்டர் மாசத்துக்கு ரெண்டு தடவை, தோட்டத்து ஆளுங்க காலையில வேலைக்கு கூடுற பிரட்டுக்களம் வரைக்கும் வந்துட்டு போகும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், 2025 நவம்பர்ல இருந்து சொப்பிங் பேக் சும்மா குடுக்க ஏலாதுன்னு வந்த ரூல் வேலை செய்யுது. எங்க கடையிலயே பாக்குறேன், பில்லுல பைக்கு காசு விழுதுன்னதும் பெரியவங்க மடியில இருந்து உரச் சாக்குல தச்ச பையை எடுக்குறாங்க. சோறு சுத்துற பொலித்தீன் லன்ச் சீட்டை 2017லயே தடை பண்ணியும் சோத்துப் பார்சலை பிரிச்சா இன்னும் அதேதான் இருக்கு, அது வேற கதை.

போன மாசம் நாங்க அஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து நாலு உரச் சாக்கு நிரப்பி ஆட்டோவுல 400 ரூபா குடுத்து ரோட்டு முனைக்கு இறக்கினோம். அண்ணன் பார்த்துட்டு "தோட்டத்துலருந்தா?"ன்னு கேட்டாரு, டிரைவரை திரும்பிப் பார்த்தாரு, டிரைவர் ஒண்ணும் சொல்லல, ஏத்திக்கிட்டாங்க. அதனால 3. கிளவுஸ் வாங்கிக் குடுத்தா மூணரை, மேல ஏறி வந்தா 5.

புதுசா குடுக்கப் போறவங்களுக்கு: செவ்வாய் ஏழரைக்கே முனைக்கு வந்துருங்க, மழைன்னா ஒம்பதாகும். மீன் கழிவை முந்தின ராத்திரியே கொண்டாந்து தொங்கவிடாதீங்க, டவுன் நாய் எல்லாம் அங்கதான் படுக்குது.