சைலேஜா, உலர்புல்லா, யூரியா வைக்கோலா: வறட்சி மாதங்களுக்கு எதைச் சேமிப்பது?

மழை ஓய்ந்து வெயில் ஏறும் சில வாரங்களில் பசுந்தீவனம் தேவைக்கு மேல் நிற்கும். அடுத்து வரும் வறட்சி மாதங்களில் கறவை எவ்வளவு பால் தரும் என்பது, அந்த உபரியை எப்படிச் சேமிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று: காற்றுப் புகாமல் புளிக்க வைக்கும் சைலேஜ் (ஊறுகாய்ப் புல்), காயவைத்து அடுக்கும் உலர்புல், வைக்கோலுக்கு யூரியா ஊட்டுவது. இதில் எது உயர்ந்தது என்று கேட்டுப் பயனில்லை. வயலில் நிற்கும் பயிர் எது, கொட்டிலில் நிற்கும் மாடு எத்தனை என்ற இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் வழி தானாகவே தெரிந்துவிடும்.

எந்தப் பயிருக்கு எது பொருந்தும்

சைலேஜ் கெடாமல் நிற்பதற்குக் காரணம் அமிலம். பயிரில் உள்ள சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியா தின்று அமிலமாக்கி, கார அமில அளவை (pH) 4க்குப் பக்கத்தில் இறக்கிவிட்டால் அழுகல் கிருமி வளராது. (பசுந்தீவனத்தில் அமிலத்தைக் கலந்து இதே நிலையை உடனே உண்டாக்கும் முறையைக் கண்டறிந்தவர் பின்லாந்தின் விர்த்தனன். 1945இல் அவருக்கு வேதியியல் நொபெல் கிடைத்தது.) ஆகவே சர்க்கரை நிறைந்த மக்காச்சோளமும் தீவனச்சோளமும் சைலேஜுக்கு முதல் தரம். மக்காச்சோளக் கதிரை நடுவில் உடைத்து மணிகளைப் பாருங்கள். மேற்பகுதி மஞ்சளாக இறுகி, அடிப்பகுதி இன்னும் பாலாக, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு மணியின் பாதிக்கு இறங்கியிருந்தால் வெட்டலாம். அப்போது உலர்பொருள் (நீர் போக மிஞ்சும் எடை) பெரும்பாலும் 30 முதல் 35 சதவீதம் இருக்கும்.

கம்பு நேப்பியர் ஒன்றுதான் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதைத்தான் அவசரப்பட்டு சைலேஜ் குழியில் போட்டுக் கெடுக்கிறார்கள். அதில் நீர் 80 சதவீதத்துக்கும் மேல், சர்க்கரை குறைவு. 20 சதவீதம் உலர்பொருள் உள்ள ஒரு டன் புல்லை 30 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 330 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். எனவே வெட்டி ஒரு நாள் வயலிலேயே பரப்பி வாட்டியபின் நறுக்குங்கள். டன்னுக்கு 20 முதல் 30 கிலோ கரும்பாலைக் கழிவுப்பாகு, தெளிக்க முடியும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, அடுக்குக்கு அடுக்கு தெளிக்க வேண்டும். உப்புத் தூவினால் போதும் என்று சொல்வதுண்டு. உப்பு ஈரத்தைக் குறைக்காது, சர்க்கரையையும் கூட்டாது.

குதிரை மசால், வேலிமசால், காராமணி போன்ற பயறுவகைகள் இதற்கு நேர் எதிர். சர்க்கரை குறைவு, அமிலம் ஏறவிடாமல் தடுக்கும் தன்மை அதிகம். அவற்றை உலர்த்துவதே சரி. தடித்த தண்டுள்ள சோளத்தை உலர்புல்லாக்க முயல வேண்டாம். இலை காய்ந்து நொறுங்கும்போது தண்டுக்குள் ஈரம் அப்படியே இருக்கும். நெல், கோதுமை வைக்கோலும் தானியம் எடுத்த தட்டையும் யூரியாவுக்கு உரியவை. பச்சை மாறாத நல்ல உலர்புல்லுக்கு யூரியா ஊட்டக் கூடாது. அதிலுள்ள சர்க்கரை அமோனியாவோடு சேர்ந்து நச்சுப் பொருளாகும். மாடு வெறி பிடித்ததுபோல ஓடும், பால் வழியே கன்றையும் தாக்கும்.

மாட்டுக் கணக்கு

சைலேஜ் குழி வெட்டும்முன் பலரும் விட்டுவிடுவது இந்தக் கணக்கைத்தான். திறந்த குழியின் முகப்பில் (தீவனம் வெட்டி எடுக்கும் பக்கத்தில்) காற்றுப் பட்டதும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் வேலையைத் தொடங்கும். வெயில் காலத்தில் முகப்பு முழுவதிலும் நாளுக்கு 15 செ.மீ. ஆழமாவது எடுத்தால்தான் கெடுவதற்கு முன்னே போய்க்கொண்டிருக்க முடியும். முகப்பு 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்றால் 15 செ.மீ. எடுப்பது 0.45 கன மீட்டர். கன மீட்டருக்கு 550 கிலோ வைத்தாலும் கிட்டத்தட்ட 250 கிலோ. மாட்டுக்கு 15 கிலோ வீதம் 16 மாடு வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் முகப்பு என்றாலும் 80 கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டும். அதற்கு ஐந்து மாடாவது தேவை.

இரண்டு மாடு வைத்திருப்பவர் குழி போட்டால் தின்பதைவிட வீணாவதே அதிகம். சைலேஜ்தான் வேண்டும் என்றால் அவருக்கு ஏற்றது உள்ளுறை வைத்த 40 முதல் 50 கிலோ பை. ஒரு பையைத் திறந்தால் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். இரண்டு மாட்டுக்கு 90 நாளைக்கு 2,700 கிலோ. சேதாரத்துக்கு 15 சதவீதம் ஒதுக்கினால் சுமார் 3,200 கிலோ பசுந்தீவனத்தைப் பையில் அடைக்க வேண்டும். ஏறத்தாழ 65 பை. பையின் முதல் எதிரி எலி. ஒரு பல் தடம் போதும், உள்ளே முழுவதும் பூஞ்சையாகும். தரையைவிட்டு உயர்த்தி அடுக்கி, வாரம் ஒருமுறை ஓட்டை பார்த்து நாடாவால் ஒட்டுவதைக் கட்டாயமாக்குங்கள்.

உலர்புல்லுக்கும் யூரியா வைக்கோலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. உலர்புல்லை வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம். யூரியா வைக்கோலில் எடுத்தபின் மூடிவைத்தால் போதும்.

எடையை ஒப்பிடும்போது கவனம் வேண்டும். 15 கிலோ சைலேஜில் இருக்கும் உலர்பொருள் ஏறக்குறைய 5 கிலோதான். ஐந்தரைக் கிலோ உலர்புல்லே அந்த வயிற்றை நிரப்பிவிடும். இரண்டையும் கிலோவுக்குக் கிலோ விலை பார்ப்பது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதாகும்.

செய்யும்போது எங்கே தவறுகிறது

சைலேஜில் முதல் தவறு ஈரம். நறுக்கிய தீவனத்தை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிழிந்து கையை விரியுங்கள். சாறு சொட்டினால் இன்னும் வாட்ட வேண்டும். உருண்டை சாறில்லாமல் மெல்ல விரிந்தால் சரியான பதம். பட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. அதை இன்னும் பொடியாக நறுக்கி, கூடுதலாக மிதிக்க வேண்டும். நறுக்கும் நீளம் 1 முதல் 2 செ.மீ. 15 செ.மீ. அடுக்கு போட்டு மிதித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கு. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. குழியை இரண்டு நாளுக்குள் நிரப்பி மூடிவிடுங்கள். ஆழமான குழியில் பாதி நிரப்பி மறுநாள் இறங்குவது உயிருக்கே ஆபத்து. நொதிப்பில் வரும் கரியமில வாயு அடியில் தேங்கியிருக்கும்.

45 நாளில் திறக்கலாம். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் புளித்த பழ வாசனையும் நல்ல அறிகுறி. கொழகொழவென்று குமட்டும் நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சியது. புகையிலை நிறத்தில் கருகிய வெல்ல வாசனை வந்தால் காற்று இருந்து சூடேறியிருக்கிறது. மாடு விரும்பித் தின்னும், ஆனால் புரதம் செரிக்காது.

உலர்புல்லில் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். குதிரை மசாலில் புரதத்தின் பெரும்பங்கு இலையில்தான். நண்பகலில் புரட்டினால் இலை எல்லாம் வயலில் உதிர்ந்து, வீட்டுக்கு வருவது குச்சி. பூக்கத் தொடங்கும்போது அறுத்து, பனி ஈரம் இலையில் இருக்கும் காலை வேளையில் மட்டும் புரட்டுங்கள். தண்டை நகத்தால் சுரண்டினால் தோல் உரியக் கூடாது; உரிந்தால் இன்னும் காயவில்லை. 15 சதவீத ஈரத்துக்கு இறங்கியபின் அடுக்குவது பாதுகாப்பு. 20ஐத் தாண்டி அடுக்கினால் போர் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், பெரிய போராக இருந்தால் தானே தீப்பற்றும். அடுக்கிய முதல் சில வாரங்களுக்கு ஓர் இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகி வையுங்கள். உருவிப் பார்க்கையில் கை பொறுக்காத சூடு இருந்தால் போரைப் பிரித்தாக வேண்டும்.

வானம் மூடியிருந்தால் உலர்புல்லை மறந்துவிடுங்கள். இரண்டு மூன்று வெயில் நாள் தொடர்ந்து கிடைக்காத பருவத்தில், ஒரு நாள் வாட்டலோடு முடியும் சைலேஜ்தான் கைகொடுக்கும்.

யூரியா வைக்கோலின் அளவு எளியது, மீறக் கூடாதது: 100 கிலோ உலர்ந்த வைக்கோல், 4 கிலோ யூரியா, 50 லிட்டர் நீர். யூரியா முழுதும் கரைந்தபின் 20 கிலோ வைக்கோலைப் பரப்பி, பூவாளியால் 10 லிட்டர் கரைசலை ஒரே சீராகத் தெளித்து மிதியுங்கள். இப்படி ஐந்து அடுக்கு. பிறகு பாலித்தீன் தாளால் மூடி விளிம்பில் மண் அணைத்து 21 நாள் விட வேண்டும்; குளிர்ந்த பருவத்தில் இன்னும் ஒரு வாரம். மூட்டத்துக்குள் யூரியா அமோனியாவாக மாறி, நாரைச் செரிக்கவிடாமல் பிணைத்திருக்கும் லிக்னின் பிடியைத் தளர்த்துகிறது. 3 முதல் 4 சதவீதமாக இருந்த புரதமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தெளிப்பு சீராக இல்லாவிட்டால் ஓரிடத்தில் பூஞ்சை, இன்னோரிடத்தில் யூரியா கட்டி. மீந்த கரைசலை வாளியில் விட்டுவைத்து, மாடு அதைக் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கும். மருத்துவர் வரும் வரை காத்திருக்க நேரமே இருக்காது. எனவே தெளித்து முடித்ததும் வாளியைக் கழுவிக் கவிழ்ப்பதும் வேலையில் ஒரு பகுதிதான்.

யாருக்கு எது

ஐந்துக்கு மேல் கறவையும் மக்காச்சோளமோ தீவனச்சோளமோ போட நிலமும் இருந்தால், அளவான முகப்புள்ள குழியில் சைலேஜ். முதலில் 5 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் 15க்கு ஏற்றுங்கள். வாசனை பாலில் ஏறாமலிருக்க, கறந்து முடித்தபின் வையுங்கள்.

இரண்டு மூன்று மாடுள்ளவருக்கு எங்கள் தேர்வு வேறு: யூரியா வைக்கோலால் வயிற்றை நிரப்பி, பயறுவகை உலர்புல்லை நாளுக்கு இரண்டு மூன்று கிலோ சேர்ப்பது. இரண்டுக்கும் இயந்திரம் வேண்டாம். வைக்கோலின் அமோனியாவை நுண்ணுயிர் பயன்படுத்த மாவுச்சத்தும் தேவை என்பதால் தவிடோ அடர்தீவனமோ நிறுத்தக் கூடாது. எடுத்த வைக்கோலை இரண்டு மணி நேரம் காற்றாட விட்டுத் தொட்டியில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது வேண்டாம். அதற்கு இலை மிகுந்த உலர்புல்லை ஒதுக்கி வையுங்கள்.

ஆடு வளர்ப்போருக்கும் உலர்புல்லே மேல். அரைகுறையாகப் புளித்த சைலேஜில் லிஸ்டீரியா கிருமி வளரும். ஆடுகளுக்கு அது மூளையைத் தாக்கி, தலை சாய்ந்து வட்டமிடச் செய்யும், சினை ஆடு குட்டி வீசும். பூஞ்சை பிடித்த எதையும், எந்த முறையில் சேமித்திருந்தாலும், சினையான கால்நடைக்குக் கழித்துக்கூடப் போட வேண்டாம். நெல் வைக்கோலை நம்பியிருப்பவர்கள் தாது உப்புக் கலவையைத் தினமும் சேர்க்க வேண்டும். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்ளும். யூரியா ஊட்டுவதால் இந்தக் குறை தீர்ந்துவிடாது.