விலையை நாம் சொல்வதா, அவர்கள் சொல்வதா: ப்ரைஸ்லைனும் ஹாட்வயரும்

விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கைக்கு மதிப்பே கிடையாது. அதற்காகக் கடைசி நேரத்தில் எல்லாருக்கும் தெரியும்படி விலையைக் குறைத்தால், முழுக் கட்டணம் கொடுக்கத் தயாராக இருக்கும் அலுவல் பயணிகளும் மலிவு டிக்கெட்டுக்குத் தாவிவிடுவார்கள். இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் கண்ட வழி, விமான நிறுவனத்தின் பெயரையும் கிளம்பும் நேரத்தையும் மறைத்து விற்பது. ப்ரைஸ்லைன் என்ற இணையதளம் 1998-இல் அதைப் பயணியே விலை சொல்லும் ஏலமாகத் தொடங்கி, 2016 வரை நடத்தியது. 2000-இல் விமான நிறுவனங்களின் முதலீட்டோடு வந்த ஹாட்வயர் இணையதளம், அதே வகைச் சரக்கை விலையை எழுதி ஒட்டி விற்றது.

இரண்டிலும் பணம் கட்டிய பிறகுதான் எந்த விமானம், எத்தனை மணிக்கு என்பது தெரியவந்தது. ரத்து செய்யவோ தேதியை மாற்றவோ இடமில்லாமல் இருந்தது. வேறுபாடு விலையில் மட்டும்தான். ஆனால் அது சின்ன வேறுபாடு அல்ல.

ப்ரைஸ்லைனில் ஊர், தேதி, பயணிகளின் பெயர், ஆளுக்கு எவ்வளவு தருவீர்கள், கிரெடிட் கார்டு எண் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டியிருந்தது. உள்நாட்டுப் பயணம் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை எப்போது கிளம்பினாலும், வழியில் விமானம் மாற வேண்டியிருந்தாலும் சம்மதம் என்று அதற்கு அர்த்தமாக இருந்தது. விலை ஏற்கப்பட்டால் உடனே கார்டில் பணம் எடுக்கப்பட்டது.

விமான நிறுவனத்தில் யாரோ உட்கார்ந்து நம் விலையைப் பரிசீலிக்கிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. வெளியே காட்டாத கட்டணங்களை நிறுவனங்கள் முன்கூட்டியே கணினியில் ஏற்றி வைத்திருந்தன. நாம் கேட்ட விலை அதை எட்டுகிறதா என்று மட்டுமே ப்ரைஸ்லைன் பார்த்தது. 180 டாலருக்குக் கிடைக்கக்கூடிய இருக்கைக்கு ஒருவர் 230 டாலர் தருவதாகச் சொல்லியிருந்தால், அந்த 50 டாலர் ப்ரைஸ்லைனுக்குப் போனது. அவருக்குத் திரும்பி வரவில்லை. எதிரில் போட்டிக்கு ஆளே இல்லாத ஏலம் இது. அவசரப்பட்டு ஏற்றிக் கேட்பவர் தன்னோடு தானே போட்டி போடுகிறார்.

ஆகவே குறைந்த விலையில் தொடங்கி ஏறுவதுதான் முறையாக இருந்தது. அதற்கும் ஒரு தடை இருந்தது. மறுக்கப்பட்ட கோரிக்கையை விலையை மட்டும் கூட்டி உடனே திரும்பக் கேட்க முடியவில்லை. தேதியையோ விமான நிலையத்தையோ மாற்ற வேண்டியிருந்தது. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் கென்னடி, லகார்டியா, நுவார்க் என்று மூன்று விமான நிலையங்கள். அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, சான் ஹோசே. முதலில் பக்கத்துக்கு ஒன்று மட்டும் குறித்து, மறுக்கப்படும்போதெல்லாம் ஒரு நிலையத்தைச் சேர்த்து 10 அல்லது 15 டாலர் கூட்டினால், ஐந்து வாய்ப்புகள் கிடைத்தன. சேர்த்த நிலையம் உண்மையிலேயே தலையில் விழக்கூடும் என்பதை மறக்கக் கூடாதிருந்தது. சான் ஹோசேயில் இறங்கினால் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். டாக்ஸிக் காசு தள்ளுபடியை விழுங்கிவிடும். ஆகவே அதிகம் சிரமம் தராத நிலையத்தை முதலிலும் சிரமமானதைக் கடைசியிலும் சேர்க்க வேண்டியிருந்தது.

இரு முனையிலும் ஒரே விமான நிலையம் உள்ள ஊர்களுக்கு இந்த உத்தி எடுபடவில்லை. அங்கே ஹாட்வயர்தான் சரியாக இருந்தது.

பலர் ஏமாந்த இடம் வரி. ஏலத்தில் சொன்ன தொகை டிக்கெட்டுக்கு மட்டும். வரியும் சேவைக் கட்டணமும் அதன்மேல் வந்தன. வரி சேர்ந்த சாதாரணக் கட்டணத்தோடு அதை ஒப்பிட்டால் இல்லாத லாபம் கண்ணுக்குத் தெரியும்.

தெரிந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். முதலில் வெளிச்சந்தையில் மிகக் குறைந்த கட்டணம், அடுத்து அதே தேதிக்கு ஹாட்வயர் காட்டும் விலை. ஹாட்வயர் விலையே உச்சவரம்பு. ப்ரைஸ்லைனில் அதற்குக் கீழே தொடங்கி ஏறி, வரம்பைத் தொடும்போது நிறுத்திவிட்டு ஹாட்வயரில் வாங்கிவிட்டார்கள். ஹாட்வயருக்கும் வெளிச்சந்தைக்கும் சொற்ப வித்தியாசம்தான் என்றால் இரண்டையும் விட்டுவிட்டார்கள். நேரம் தெரிந்து வாங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே.

பெரும்பாலான பயணிகளுக்கு ஹாட்வயர் முறையே மேல் என்பது எங்கள் தீர்ப்பு. ப்ரைஸ்லைனே 2016-இல் விமான டிக்கெட் ஏலத்தைக் கைவிட்டது. அதன் பிறகு அங்கேயும் பெயர் மறைத்த, விலை எழுதிய டிக்கெட்டுகளே வந்தன.

ஏலம் இன்று வேறு இடத்தில் இருக்கிறது. எகானமி டிக்கெட் வைத்திருப்பவர் பிஸினஸ் கிளாஸுக்கு மாற எவ்வளவு தருவேன் என்று ஏலம் கேட்கலாம். மலேசியா ஏர்லைன்ஸ் போன்றவை இதை நடத்துகின்றன. இங்கே தோற்றாலும் கையில் இருக்கை உண்டு. ஏற்றால்தான் பணம் எடுப்பார்கள். கேட்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொகை பொதுவாக ஆளுக்கு, ஒரு பயணப் பகுதிக்கு. ஒரே முன்பதிவில் நான்கு பேர் இருந்தால் நால்வருக்கும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும். திரையில் 200 டாலர் என்று வைத்த தொகை கார்டில் 800 ஆக வரும்.