189 வெள்ளி பைனாகுலரும் எங்க தோட்டத்து முனியும்

மூணு மாசம் பாவிச்சிட்டுதான் எழுதுறேன், பார்சல் பிரிச்ச அன்னிக்கே அஞ்சு ஸ்டார் போடுற ஆளு நான் இல்ல.

நமக்கு ஊரு மலேசியாவுல, சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா, எங்காளுங்க வாயில இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு, பின்னால பூரா செம்பனை, ராத்திரி இருட்டுன்னா நல்ல இருட்டு. கொஞ்ச நாளாவே வானத்துல ஏதோ வெளிச்சம் ஓடுதுன்னு ஒரே பேச்சு, சத்தமே இல்லையாம், போய்க்கிட்டே இருக்கிறப்ப நடுவானத்துல அணைஞ்சிடுதாம். தோட்டத்துல ஆளுங்களை மேய்ச்ச பழைய மண்டோர் மாமா ஒருத்தர் முடிவே கட்டிட்டாரு, முனி வேட்டைக்குப் போறாருன்னு. எனக்குப் பொறுக்கல, ஆன்லைன்ல 10×50 பைனாகுலர் ஒண்ணு 189 வெள்ளிக்கு, அதான் ரிங்கிட்டுக்கு, எடுத்துட்டேன்.

குறையை முதல்ல சொல்லிடுறேன். விளம்பரத்துல 100 மடங்கு பெருசா தெரியும்னு போட்டிருந்தான், சுத்தப் புளுகு. 10ன்னா 10 மடங்கு, 50ன்னா முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான். கழுத்துல மாட்டுற வார் மூணாவது வாரமே பிஞ்சிடுச்சு, வித்தவனுக்கு மெசேஜ் போட்டா சிரிக்கிற எமோஜி அனுப்புறான். கையும் ஆடும், நின்னுக்கிட்டு பார்த்தா ஒண்ணும் உருப்படாது, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போட்டு சாஞ்சுக்கணும்.

ஆனா கண்ணாடி நல்ல கண்ணாடி லா. வியாழன் பக்கத்துல ஒரே வரிசையா குட்டிப் புள்ளிங்க, ஒரு நாள் மூணு, இன்னொரு நாள் நாலு, 1610ல கலிலியோ பார்த்த அதே நிலாங்களை எங்க கோழிக்கூண்டு பக்கத்துல உக்காந்து பார்த்தேன்.

சரி, ஓடுற வெளிச்சத்துக்கு வருவோம். சாயங்காலம் எட்டு மணி வாக்குல வேகமா போற வெளிச்சத்தை இதுல பார்த்தா ஏமாற்றம்தான், இதுலயும் வெறும் புள்ளியாவேதான் தெரியும். ஆனா கண்சிமிட்டாது, சிவப்பு பச்சை எதுவும் கிடையாது, அப்ப அது விமானம் இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம். போன்ல ஸ்டெல்லேரியம் ஆப் போட்டு நேரத்தை வச்சுப் பார்த்தா ஒரு நாள் சர்வதேச விண்வெளி நிலையம், சுமார் 400 கிலோமீட்டர் உசரத்துல 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்துது. அதுக்குன்னு லைட் எரியல, நமக்கு இருட்டிட்டாலும் அவ்ளோ உசரத்துல இன்னும் வெயில் இருக்கு, அந்த வெயில்தான் பட்டு மின்னுது, பூமியோட நிழலுக்குள்ள போனதும் மங்கி அணைஞ்சிடுது. மாமா சொன்ன கதையேதான். அடுத்த தடவை வர்ற நேரத்தை முன்கூட்டியே மாமாகிட்ட காட்டினேன், சொன்ன நிமிஷத்துக்கு வந்துச்சு, அவரு சிரிச்சுக்கிட்டே "பாத்தியா, முனி கிளம்புற நேரம் கூட உன் போன்ல வருது"ன்னுட்டாரு. என்னத்த சொல்ல.

மாலை கோத்த மாதிரி வரிசையா போறது ஸ்டார்லிங்க், இன்டர்நெட் குடுக்குற சாட்டிலைட்டுங்க. 2019 மே மாசம் முதல் தடவையா 60 சாட்டிலைட்டை ஒண்ணா ஏத்தினாங்க, அதுக்கப்புறம் புதுசா ஏத்துற ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் ஊர்வலம் போகும்.

நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கம், சூரியன் நேரா கீழ இறங்கிடுது, அதனால இந்த மாதிரி தாழ்வா சுத்துற சாட்டிலைட்டுங்க நடுராத்திரியில எல்லாம் நிழலுக்குள்ள இருக்கும், தெரியாது. அப்ப பன்னெண்டு மணிக்கு மேற்கால தொங்கிக்கிட்டு நின்ன வெளிச்சம்? பைனாகுலர் காசு வசூலானது இங்கதான். பத்து நிமிஷம் அசையல, திரும்பினதும் இடது றெக்கையில சிவப்பு, வலதுல பச்சை, பளிச்சுன்னு தெரிஞ்சுது. நம்மளைப் பார்த்து நேரா வர்ற விமானத்தோட முன் லைட் அப்படித்தான் நின்ன மாதிரி இருக்குமாம். விமானம் எங்க போகுதுன்னு காட்டுற பிளைட்ராடார்24 ஆப்ல பார்த்தா அதே பக்கம் சிப்பாங் ஏர்போர்ட்டுக்கு இறங்குற விமானம்.

சில பேரு நட்சத்திரமே ஆடுதுங்கிறாங்க. கும்மிருட்டுல ஒத்தைப் புள்ளியை உத்துப் பார்த்தா நம்ம கண்ணே அப்படி ஏமாத்தும், தகரக் கூரை ஓரத்துல அந்தப் புள்ளியை ஒட்டி வச்சுப் பாருங்க, அசையாது. இதுக்கு பைனாகுலரே வேணாம்.

எல்லாம் தீர்ந்துச்சான்னா இல்ல. நோட்டுல ஒண்ணு பாக்கி இருக்கு, ஆரஞ்சு நிறம், காத்தடிச்ச பக்கமா மெதுவா போய் அணைஞ்சுது, யாரோ விட்ட காகித விளக்கா இருக்கலாம், போட்டோ கூட எடுக்கல, அதனால அதை மாமா கணக்குல எழுதிட்டேன்.

நாலு ஸ்டார். வாருக்கு ஒண்ணு கழிச்சாச்சு. வாங்குறவங்க ராத்திரி பார்த்து முடிச்சதும் அப்படியே பையில போட்டு வைக்காதீங்க, நம்ம ஈரத்துக்கு லென்ஸுல பூஞ்சை பிடிச்சிடும், நான் சப்பாத்து பெட்டியில வர்ற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சுற பொட்டலங்களைச் சேர்த்து வச்சு காத்துப் புகாத பிஸ்கட் டின்னுல அதோட போட்டு மூடி வைக்கிறேன்.